இஸ்திரி போட்டு முளைத்த செடி

சொன்ன நாளில் துணி தராத தையல்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அளவு கொடுத்த ஆள், சட்டை கைக்கு வருவதற்குள் தொப்பை போட்டுவிட்டு மறுபடி அளவு கொடுத்தது எங்கள் மாரண்டஹள்ளி ‘நாளைக்கு பாய்’ கடையில் மட்டும்தான். எண்பதுகளில் அவர் கடைக்குப் பக்கத்தில்தான் என்னுடைய வாடகை சைக்கிள் கடை. பொங்கலுக்குத் துணி கொடுத்தவர்கள் சித்திரையில் வந்து கத்துவார்கள். பாய் மிஷினிலிருந்து தலை நிமிராமல், “நாளைக்கு வாங்க” என்பார். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது அவர் சம்சாரத்துக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

அந்தக் கடையை வைத்துக் கொடுத்தவர் அவருடைய மச்சினர், லாரி டிரைவர். காஷ்மீரிலிருந்து ஆப்பிள் லோடு ஏற்றி வந்த ஒரு நாள், கடைக்குள் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டார்.

“போதும் மச்சான். கடையப் பூட்டிட்டு ஓசூர் வந்துருங்க. ரெடிமேட் கம்பெனியில சேத்து வுடறேன். டைமுக்கு வேலை, டைமுக்கு வூடு.”

“நான் இங்கயே இருந்துக்கறேன் மாப்ள. இந்தக் கடைய வுட்டா எனக்கு என்ன இருக்குது?”

மச்சினர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெட்டுப் பலகையில் கொட்டினார். தட்டையான பழுப்பு விதைகள். நம் பக்கத்துத் தோட்டங்களில் சீமைத்துத்திப் பூச்செடி வளர்ப்பார்களே, அதன் காட்டு அண்ணன். மலைச்சரிவில் ஆள் உயரம் நின்று ரோஜா நிறத்தில் பூக்குமாம்.

“ஒரே ஒரு வேலைய முடிச்சுக் காட்டுங்க. இது பூத்தா கடை உங்களுது. இல்லேன்னா பொட்டி கட்டுங்க.”

“சரி” என்றார் பாய்.

ஊன்றினார், முளைக்கவில்லை. பாலில் ஊறவைத்தார், சாணியில் உருட்டினார். விதையின் தோல் சொட்டுத் தண்ணீரை உள்ளே விடவில்லை. கோபத்தில் ஒன்றைக் கடித்தார். பல்தான் ஆடியது.

“அடேங்கப்பா! கோட்டு காலராட்டம் வெறைப்பா இருக்குதுப்பா.” சட்டென்று எழுந்தார். “காலருக்கு என்ன பண்ணுவோம்?”

விதைகளை ஈரத்துணியில் மடித்து, கரி இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தினார். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

எதிர் டீக்கடை மாஸ்டர் கத்தினார்: “பாய், பட்டாணிக்கும் மடிப்பு வெக்கறீங்களா?”

பாதி வெந்து போயிற்று. மீதியைக் கடை வாசலில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், தண்ணீர் தேங்காதபடி மேடு கட்டி ஊன்றினார். ஒன்றே ஒன்று முளைத்தது, கடைக்கு ஏறும் வழியிலேயே. ஆணிவேர் நேராக இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் செத்துவிடும். அதனால் பாய் செடியை விட்டுவிட்டு வாடிக்கையாளர்களை நகர்த்தினார். எல்லோரும் என் கடை வழியாகச் சுற்றித்தான் போனார்கள்.

ஒரு வருஷம் முழுக்க வெறும் இலை. மச்சினர் வந்து பார்த்தார்.

“பூ எங்கீங்க?”

“மொத வருசம் வேர் புடிக்கும் மாப்ள. ரெண்டாவது வருசந்தான் பூக்கும்.”

கதை விடுகிறார் என்றே நினைத்தேன். அந்தச் செடியின் குணமே அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

“அடுத்த கோடை வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நாளும் கெடையாது” என்றார் மச்சினர்.

பாய் விடவில்லை. மார்கழிப் பனியில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் வந்து நிற்பார். தண்டு உயர உயர மூங்கில் நட்டு, ரவிக்கைத் துணி நாடாவால் கட்டினார். இலையில் துருப்போலப் புள்ளி விழுந்தபோது, துணியைத் தவிர எதையும் தொடவிடாத கத்தரிக்கோலை எடுத்து அந்த இலைகளை வெட்டினார். மறுநாள் முதல் அது துணி வெட்டவில்லை. அதற்காகவும் இரண்டு பேர் வந்து சண்டை போட்டார்கள்.

கோடை வந்தது. ஒரு காலை லாரியும் வந்தது. செடியில் மொட்டுகள் மட்டுமே.

“மொட்டு வந்துருச்சு மாப்ள.”

“மொட்டு வேற, பூ வேறங்க. பேச்சு பேச்சுதான்.”

மச்சினரும் லாரி கிளீனரும் வெட்டுப் பலகையை ஏற்றினார்கள். மிஷினைத் தூக்கக் கை வைத்தார்கள். பாய் தடுக்கவில்லை, செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் வெயில் வாசலுக்கு வந்தது.

“பாய்! அடிமொட்டப் பாருங்க!” என்று டீ மாஸ்டர் அலறினார்.

சுருட்டி வைத்த துணி பிரிவது போல் அது மெல்ல விரிந்துகொண்டிருந்தது. மச்சினர் குனிந்து பார்த்தார். பிறகு லாரியில் ஏறி, வெட்டுப் பலகையைத் தானே இறக்கினார்.

 நான் என் கடை முன்னால் நின்ற வாடகை சைக்கிள்களின் மணியை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். எதுக்கு அடிக்கிறே என்று தெருவே கேட்டது. கடைசி சைக்கிள் வரை அடித்து முடித்தேன்.