வானத்தை விளங்கப்படுத்துபவர்

விளங்கப்படுத்துபவர் என்றோர் இனம் உண்டு. படிப்பிக்கும் வேலையில் இருக்கவேண்டுமென்பதில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் போதும். அந்த ஆள் எழும்ப முடியாத ஆழமான சோபாவில் இருந்தால் இன்னும் நல்லது. உங்களை நயாகராவுக்குக் கூட்டிப் போவார், போகும் வழியெல்லாம் அந்தத் தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார், போய்ச் சேர்ந்ததும் கம்பிவேலிக்கு முதுகைக் கொடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்தபடி, ஐந்து ஏரிகளும் எப்படித் தொடுத்திருக்கின்றன என்று தொடங்குவார். நீங்கள் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பீர்கள்.

"கவனிக்கிறீரோ?"

அருவியையா, அவரையா? இதென்ன கேள்வி.

ரொறொன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில், வயலோடு முடிகிற கடைசித் தெருவில் வசிக்கும் ஸ்ரீஸ்கந்தராசா இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவர். அவருடைய மனைவி குணவதிக்கு ஒரேயொரு ஆசை இருந்தது: வட வானத்தில் நிறம் நிறமாய் ஆடும் துருவ ஒளியை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும். தொண்ணூற்றோராம் ஆண்டு மார்ச்சில் அது ரொறொன்ரோ வரை இறங்கி வந்தபோது குணவதி மாலைநேர வேலையில் நின்றார். அந்தத் தொழிற்சாலைக்கு ஜன்னல் கிடையாது. மறுநாள் கணவர், மனைவி காணாததை மனைவிக்கு ஒரு மணி நேரம் விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து குணவதி பஸ்ஸால் இறங்கும்போதெல்லாம் மேலே பார்ப்பார். மேகம்தான்.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாப்பாட்டுக்கு அழைத்திருந்த அருள்நாயகமும் அவர் மனைவி றீற்றாவும் வந்தார்கள். அருள்நாயகம் உள்ளே வராமல் வாசலில் நின்று கத்தினார்.

"அண்ணை, ஓடி வாங்கோ! வானம் பச்சையும் சிவப்புமாக் கிடக்கு!"

குணவதி அடுப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பொறும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "விளங்காமல் ஓடிப்போய் என்னத்தைப் பாக்கப்போறியள்? மாடும்தான் பாக்குது. ஐசே, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து இரும். அஞ்சு நிமிசம்."

விருந்தாளிகள் மரியாதை தெரிந்தவர்கள். இருந்தார்கள்.

விண்வெளி வீரர்கள் மேலேயிருந்து எடுத்த துருவ ஒளியை அவர் தொலைக்காட்சியிலிருந்து பதிந்து வைத்திருந்தார். வீடியோக் கசெற்றில் அது, மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்குப் பின்னால் இருந்தது. சாமத்தியவீட்டை வேகமாக ஓட்டினார். அன்ரிமார் தட்டங்களோடு ஓடி வந்தார்கள், ஓடி ஓடி ஆரத்தி எடுத்தார்கள், ஓடிப்போய்ச் சாப்பிட்டார்கள். பிறகு திடீரென்று பூமி. அதன் கறுத்த விளிம்பில் ஒரு பச்சை நாடா, மூச்சு விடுவதுபோல எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு வடிவு!" என்றார் றீற்றா.

ஸ்ரீஸ்கந்தராசா படத்தை நிறுத்தினார். "உது வடிவில்லைத் தங்கச்சி. உது ஒட்சிசன்."

அதன் பிறகு, கீழேயிருந்து பார்ப்பவனுக்குத் துண்டுதான் தெரியும் மேலேயிருந்து பார்ப்பவனுக்குத்தான் முழு வளையமும் தெரியும் என்று தொடங்கி, சூரியனுக்குப் போய், அங்கிருந்து கிளம்பும் துகள்களோடு திரும்பி, பூமியின் காந்தம் அவற்றைத் துருவத்துக்கு இழுப்பதைக் காட்டுவதற்காக றீற்றாவின் கையில் பூமியாக ஓர் உருண்டைத் தோடம்பழத்தைக் கொடுத்து, அருள்நாயகத்தை அறையின் நடுவில் நிறுத்தினார்.

"நீர் சூரியன். அசையாதையும்."

"அண்ணை, வெளியிலை..."

"சூரியன் கதைக்கிறேல்லை."

குணவதி கதவடியில் நின்றார். "இஞ்சருங்கோ, அது போயிடும்."

"போகட்டுமன். பதினொரு வருசத்துக்கு ஒருக்கால் உச்சத்துக்கு வரும்."

குணவதி கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது.

"குளிருதப்பா, கதவைச் சாத்தும்!"

சாத்தினார். வெளியே நின்று.

உள்ளே தோடம்பழம் அருள்நாயகத்தைச் சுற்றி முடித்தது. எல்லோரும் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தபோது, வயலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருந்தது. குணவதி வீட்டுச் செருப்போடு புல்லில் நின்றார். முகத்தை இன்னும் இறக்கவில்லை.

"என்ன நிறம் கண்டீர்?"

"சொல்லத் தெரியேல்லை."

"பச்சையெண்டால் நூறு கிலோமீற்றர். சிவப்பெண்டால் அதுக்கும் மேலை. எது?"

"சொல்லத் தெரியேல்லையப்பா."

"பாத்தியளோ!" என்று அவர் விருந்தாளிகளின் பக்கம் திரும்பினார். மனம் நிறைந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி, தன் வீட்டு முற்றத்தில் தான் கண்ட துருவ ஒளியை அவர் பத்துப் பேருக்கு விளங்கப்படுத்தினார். அவர்களில் ஒருத்தி குணவதியைக் கேட்டாள்: "நீங்களும் பாத்தனீங்களோ அக்கா?"

"இவர் சொல்லுவார்," என்றார் குணவதி. தான் கண்டதில் ஒரு துளியைக்கூட அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

உங்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. நீங்கள் யாரையும் சூரியனாக நிறுத்தமாட்டீர்கள். ஆனால் இதை வாசிக்கத் தொடங்கியபோது, ஜன்னலடியில் இருந்து யாரோ "இஞ்சை ஒருக்கால் வாங்கோவன்" என்று கூப்பிட்டார்களே? "உதை முடிச்சிட்டு வாறன்" என்றுதானே சொன்னீர்கள்? முடிந்துவிட்டது. அவர் இன்னும் அங்கே நிற்கிறாரா என்று பாருங்கள்.