உமது அட்டையை உடனே திரும்பப் பெறவும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உம் அத்தான் எழுதுவது. இங்கே உம் அக்கா, மகன், மருமகள் மூவரும் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது நீர் ஒருவராவது கொஞ்சம் நலம் குறைந்து உட்கார வேண்டும் என்பது என் விருப்பம்.

விஷயம், நீர் பார்சலில் அனுப்பிய நெட்வொர்க் அட்டை. நீரும் நானும் ஒரே வாரத்தில் ஒரே கடையில் வாங்கினோமே அந்தப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், கீபோர்டுக்குள்ளேயே மொத்த உடம்பையும் வைத்துக்கொண்டு, டி.வி.யில் எழுத்தைக் காட்டி, டேப்ரெக்கார்டர் கேசட்டிலிருந்து புரோகிராமை வாங்கிக்கொள்ளுமே, அது என் மேஜையில் யார் வம்புக்கும் போகாமல் இருந்தது. நீர்தான் போனில், “அத்தான், இந்த அட்டைய மெஷினுக்குப் பின்னாடி செருகுங்க, வீட்டு வைஃபைல சேந்துரும். உங்க மெஷின்ல அடிச்சா என் மெஷின்ல வந்து விழும். அஞ்சு நிமிஷ வேலை” என்றீர். போனை ஸ்பீக்கரில் போட்டது என் புத்தி கெட்ட வேலை. உம் அக்கா கேட்டுவிட்டாள். “அப்படியா? சனிக்கிழமைக்குள்ள என் தம்பிகிட்டேருந்து அதுல ஒரு வரி வரட்டும். வரலைன்னா அது பழைய சாமான் கடைக்குப் போகும், அந்த மேஜைல என் தையல் மெஷின் உக்காரும்” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது உடன் பிறந்த உமக்குத் தெரியாததல்ல. மைத்துனரே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரிடையர் ஆன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மேஜைதான். அதுவும் போனால் நான் எங்கே போய் உட்காருவேன், மாடிப்படியிலா?

உமது ஐந்து நிமிடம் இன்றோடு மூன்று நாள். அட்டையைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது, அத்தோடு அதன் கடமை முடிந்தது. அதை ஓட்டும் சாஃப்ட்வேரை நீர் என் போனுக்குக் கீச்சுக்கீச்சென்று கத்தும் ஒலியாக அனுப்பி, அதைக் கேசட்டில் பதிந்து மெஷினுக்குக் கொடுக்கச் சொன்னீர். கேசட்டுக்கு நான் எங்கே போவேன்? உம் அக்கா பீரோவைக் குடைந்து ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் எங்கள் கல்யாணத்தில் நீர் பாடிய பாட்டு, மறுபக்கம் காலி. பழைய லேபிள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், லேபிள் இல்லாத எதையும் தொடமாட்டேன். அதனால் முதல் காரியமாக “நெட்வொர்க் சாஃப்ட்வேர்” என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி வைத்தேன். மறுநாள் பதியும்போது, தம்பி பாட்டுக்குச் சேதம் வந்துவிடக் கூடாதென்று உம் அக்காவே காது வைத்துக் கேட்டுப் பார்த்து, காலிப் பக்கமாகத் தன் கையால் கேசட்டைப் போட்டுக் கொடுத்தாள். இதைவிட ஒருவன் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்ய முடியும், நீரே சொல்லும்.

மெஷின் ஏற்கவில்லை. முழுக்க ஓடப் பதினோரு நிமிடம். ஒயரைச் செருகிவிட்டால் டேப்ரெக்கார்டர் வாயை மூடிக்கொள்ளும், சத்தமெல்லாம் நேரே மெஷினுக்குள் போய்விடும், நமக்கு ஒன்றும் கேட்காது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நடுவழியில் “பிழை” என்று திரையில் வரும். என்னைப் பார்த்துப் பிழை என்கிறது, மைத்துனரே! மேல்வீட்டு டீச்சர் மிக்ஸி போடுவதால் கரண்ட் துள்ளுகிறதோ என்று அவரிடம் போய் பதினோரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். “சார், ஸ்கூல்லதான் மணி அடிச்சா நிறுத்தணும், வீட்லயுமா?” என்று கதவைச் சாத்தினார். நம் மெஷினில் பெரிய எழுத்து மட்டும்தான் உண்டு என்பதால் வைஃபை பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தாக மாற்றி வைக்க நீர் சொன்னீர், மாற்றினேன். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கும் மருமகள், மேலதிகாரி சம்பள உயர்வு பற்றிப் பேச வாயெடுத்த நொடியில் துண்டிக்கப்பட்டாள். அன்றிலிருந்து அவள் என்னை “மாமா” என்று கூப்பிடுவதில்லை. “அவங்க” என்கிறாள், நான் எதிரிலேயே நிற்கும்போது.

டி.வி. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் டேப்ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, குட்டி ஸ்குரூ டிரைவரால் இந்தப் பக்கம் கால் திருகு, அந்தப் பக்கம் அரைத் திருகு திருகிவிட்டு, “சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு பிடிவாதத்தைப் பாத்ததில்ல. யாரு குடுத்த கேசட்டு இது?” என்றார். உம்மைச் சொன்னேன். “சொந்தக்காரரா?” என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இதற்கிடையில் உமக்குப் போன் செய்தால் என்ன சொன்னீர்? “எனக்கு இங்க நல்லா வேலை செய்யுதே, அத்தான்!” நான் பற்றி எரிகிறேன் என்று சொன்னால், எனக்கு இங்கே குளுகுளுவென்று இருக்கிறதே என்பது ஒரு பதிலா? வால்யூமை ஒன்றிலிருந்து பத்து வரை அரை அரையாக ஏற்றிப் பார்த்தாயிற்று. நாற்பத்தொரு முறை ஓட்டி, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்திருக்கிறேன். முப்பத்தாறு முறை சரியாக ஏழாவது நிமிடத்தில்தான் பிழை வருகிறது. ஆகவே உமது சாஃப்ட்வேரில் ஏழாவது நிமிடத்தில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது. பிழை பார்த்தே சாப்பிட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளும். அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நாளை மறுநாள் என் மெஷின் வீட்டை விட்டுப் போகும்போது அந்தப் பாவம் முழுக்க உம்மையே சேரும்.

உம் வீட்டுக்காரம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். குழந்தைகள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உமக்குத் தர வேண்டிய ஆசி மட்டும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒயர்களுக்கு நடுவில் குடியிருக்கும்
உம் அத்தான்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. அட்டை இத்துடன் வரவில்லை, தேட வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது உம் அக்கா, மெஷின்தான் போகப்போகிறதே, தம்பி பாட்டையாவது ஒருமுறை கேட்கலாம் என்று டேப்ரெக்கார்டரிலிருந்து மெஷினுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, என் சிவப்பு லேபிளுக்கு மறுபக்கத்தைப் போட்டாள். கீச்சுக்கீச்சென்று அலறியது. திருப்பிப் போட்டாள், நீர் பாடினீர். நான் லேபிளை உம் பாட்டின் மேல் ஒட்டியிருக்கிறேன். இத்தனை நாளாக அந்த மெஷினின் வாயில் நான் ஊட்டியது உம் குரலை. ஏழாவது நிமிடத்தில் நீர் மேல் ஸ்தாயிக்குப் போகிறீர்.

சரியான பக்கத்தைக் கொடுத்தோம், முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. அட்டை வைஃபையோடும் சேர்ந்துவிட்டது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். “அப்படியே அனுப்புங்க, அவனும் படிக்கட்டும்” என்று பிடுங்கி வைத்துக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து உமக்கு ஒரு வரி அடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேரமாக அந்த ஒரு வரி. நான் மாடிப்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆசியை இப்போது சேர்த்துக்கொள்ளவும். அவளுக்கு உடனே பதில் அடியும், என்ன வேண்டுமானாலும் எழுதும். பாட மட்டும் வேண்டாம். மெஷின் தன் அபிப்பிராயத்தை நாற்பத்தொரு முறை சொல்லிவிட்டது.