துணி உலர்த்துவதற்கு மட்டுமே

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இல்லையென்றால் இதைப் பாதியில் வைத்துவிட்டு முதலில் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், கடிதம் நீளமானது.

போன மாதம் நான் போனில் புலம்பியது நினைவிருக்கும். வேலை முடிந்து வந்து மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஒரு நாளில் எனக்கென்று இருப்பது, அதுவும் போயிற்று, ஒரு பக்கம் காப்பீட்டுக்காரர் உலகத்துக்கே கேட்கிற மாதிரி போனில் வியாபாரம் பேசுகிறார், இன்னொரு பக்கம் முதல் மாடிச் சகோதரிகள் கூடி நின்று சிரிப்புப் பயிற்சி செய்கிறார்கள் என்றேன். "குடியிருப்புச் சங்கத்துக்கு நீதானே செயலாளர், ஒரு நோட்டீஸ் ஒட்டு. தமிழ்ல எழுதாதே, சண்டைக்கு வருவாங்க. இங்கிலீஷ்ல எழுது, சத்தமில்லாம ஒதுங்கிடுவாங்க" என்று சொல்லி, வாக்கியத்தையும் நீங்களே கொடுத்தீர்கள். மொட்டைமாடியின் உபயோகம் 'ஷேல் பி ஸ்ட்ரிக்ட்லி கன்ஃபைன்ட் டு' துணி உலர்த்துதல். அதாவது, துணி காயப்போடலாம். வேறு எதற்கும் இம்மியளவும் இடமில்லை.

அண்ணா, இரண்டாம் மாடியில் நீதிமன்றத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் கோர்ட்டையா. ஓய்வுபெற்ற நாளிலிருந்து மனிதர் இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலம் தேநீரும் புத்தகமுமாக நான் படியேறினால், மாடிக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"துணி எங்கம்மா?"

"என்ன துணி ஐயா?"

"காயப்போடற துணி."

"அந்த நோட்டீஸை எழுதினதே நான்தான் ஐயா."

"தெரியும்மா, அதான் கேக்கறேன். 'ஷேல் பி' போட்டிருக்கீங்க. சாமானியப்பட்ட வார்த்தையா அது?"

இறங்கி வந்து, காய்ந்து மடித்து வைத்திருந்த துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்துகொண்டு மறுபடி ஏறினேன். "நல்லா இருந்த துண்டை எதுக்கு நனைக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, எங்கண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சூட்சுமம் பரவ எத்தனை நேரம் ஆகும்? காப்பீட்டுக்காரர் ஈரக் கைக்குட்டையோடு வந்தார், சகோதரிகள் ஆளுக்கொரு ஈரத் தலையணை உறையோடு வந்தார்கள், எல்லோரையும் உள்ளே விட்ட கோர்ட்டையா, காப்பீட்டுக்காரர் போனை எடுத்ததும், "பேச்சு துணி காயறதுல சேருமா சார்?" என்றார். சேராது. சிரிப்பும் சேராது என்று தீர்ப்பாயிற்று. ஆக இப்போது எல்லோரும் கொடியோரமாக நின்று அவரவர் துணி காய்வதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகமும் சேராது என்பதால் நான் வானத்தைப் பார்க்கிறேன். இத்தனை பேருக்கு நடுவில் இப்படி ஒரு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனால் தொட்டி ரூபத்தில் வந்தது வினை. மாடிக் கதவுக்கு நேர் மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிய, ஓடிவந்த குழாய்க்காரரை வாசற்படியிலேயே நிறுத்தி, "ஈரத்துணி?" என்றார் கோர்ட்டையா. குழாய்க்காரர் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வழிந்த தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. "சார், இப்ப நானே ஈரத்துணிதான், என்னைக் காயப்போடுங்க சார்!" என்று கத்தினார். கோர்ட்டையா சற்று யோசித்துவிட்டு அனுமதித்தார்.

சங்கத்தில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், நோட்டீஸைக் கிழித்துப் போடு என்று. கிழிக்கப் போனால், "ஒரு உத்தரவை ரத்து பண்ண அதே தரத்துல இன்னொரு உத்தரவு வேணும்மா" என்கிறார் கோர்ட்டையா. ஆகவே, மாட்டிவிட்ட நீங்களே என்னை விடுவிக்க வேண்டும். அதே கனத்தில், எல்லாவற்றையும் தளர்த்துகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வாக்கியம் உடனே அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல்.

உங்கள் பிரியமுள்ள தங்கை

பி.கு.: வாக்கியம் அனுப்ப வேண்டாம். இதை எழுதிவிட்டு மாடிக்குப் போனேன். கோர்ட்டையாவுக்கு ஜலதோஷமாம், நாற்காலி காலியாக இருந்தது. அப்படியும் ஒருவரும் பேசவில்லை. நல்ல காற்று. சும்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "தினமும் அப்படி என்னதான் நடக்குது இங்க?" என்று தோளில் துண்டோடு உங்கள் மாப்பிள்ளை படியேறி வந்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.