வின்ச்சு பிடித்த கைதிகள்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரையில், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் வின்ச்சு அளவுக்கு மனிதர்களைச் சிறைபிடித்தவர் வேறு எவரும் இல்லை. கவசம் பூண்டவர்கள், கேடயம் ஏந்தியவர்கள், இருட்டிலும் பார்க்கும் கண்ணாடி அணிந்தவர்கள் என ஒரு படையையே அவர் பிடித்திருக்கிறார். ஒருவரைத் தவிர அனைவரும் தொலைக்காட்சித் திரைக்குள் இருந்தவர்கள். அந்த ஒருவரைப் பற்றி எங்கள் தெருவில் பலவிதமான கதைகள் உலவுகின்றன. ஆகவே நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமையாகிறது.

காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் வலையை மேலே இழுக்கும் வின்ச் இயந்திரம் அவர் பொறுப்பு. ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் கோயில் பதிவேட்டில் இருக்கக்கூடும். வெளியே அவர் வின்ச்சு. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையில் நிற்கும். மற்றவர்கள் வலையைச் சீர்செய்வார்கள், சீட்டாடுவார்கள், மனைவியிடம் வசவு வாங்குவார்கள். வின்ச்சு மட்டும் திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்து வீடியோ கேம் கடைக்கு வந்துவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மடித்துக் கட்டிய லுங்கியுடன் கல்லூரி மாணவர்களின் நடுவே சம்மணமிட்டு அமர்ந்திருப்பார்.

நான் துறைமுகத்தில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தெரு நலச்சங்கத்தின் தலைவன். இப்படிப்பட்டவனுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. ஆனால் கடையின் இரைச்சல் தாங்கவில்லை என்று தெருவே கையெழுத்திட்டு மனு கொடுத்ததால், நேரில் ஆய்வு செய்யப் போனேன். வின்ச்சு ஒலியை உச்சத்தில் வைத்திருந்தார். காவலர்களின் காலடி ஓசை கேட்டால்தான் அவர்களைப் பிடிக்க முடியுமாம். எனக்கோ அது மிதமான ஒலியாகவே பட்டது. நேர் மேலே வசிக்கும் எனக்கே தொல்லையில்லாதபோது எதிர்வீட்டாருக்கு எப்படித் தொல்லையாகும் என்று எழுதி, மனுவைத் தள்ளுபடி செய்தேன்.

என் முடிவைக் கேட்டதும் வின்ச்சு ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "சார், நின்னுகினே கீறியே, குந்து" என்றார். 'சார்' என்ற மரியாதையும் 'நீ' என்ற உரிமையும் ஒரே வாக்கியத்தில் அவரிடம் சண்டையின்றிக் குடித்தனம் செய்யும்.

அமர்ந்தேன். திரையில் இரும்புக் கவசமணிந்த ஒரு பூதம் கிடங்கு வாசலில் நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அதன்மேல் நேராகப் பாய்ந்து, சுட்டு, செத்துக் களைத்திருந்தார்கள். மயக்க ஊசி எய்தாலும் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்துவிடும். வின்ச்சு ஒரு பீப்பாயின் பின்னால் ஒளிந்துகொண்டு அரைமணி நேரம் வெறுமனே பார்த்தார். திரையில் அவருடைய வீரன் மறைந்திருக்கும்போதெல்லாம் இவரும் மூச்சை அடக்கிக்கொள்வார். ஒருநாள் அப்படி அடக்கியதில் மயங்கிச் சாய்ந்து, கடைக்காரர் சோடா வாங்கி வர நேர்ந்தது.

அவருடைய போர்முறை இதுதான். முதலில் பூதம் எங்கே நடக்கிறது, எங்கே திரும்புகிறது என்று மனப்பாடம் செய்வார். பிறகு அதன் துணைக்காவலர்களை ஒவ்வொருவராக விலக்குவார். பூதம் தனியாக நிற்கும்போது தொலைவில் ஒரு சிறு சத்தம் எழுப்புவார். என்னவென்று பார்க்க அது தன் எல்லையைத் தாண்டி வரும். தன் எல்லையை விட்டு வந்தவன் பாதி பிடிபட்டவன் என்பது அவர் கொள்கை. தலைக்கவசத்தை அது தானாகக் கழற்றும் நேரம் ஒன்று வரும், அதுவரை காத்திருப்பார்.

"இவ்வளவு பாடுபடுவதற்குச் சுட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"அடிபட்ட மீன ஏலத்துல எவன் சார் எடுப்பான்? உசுரோட புடிச்சா நாளைக்கி நம்ம கோஷ்டில வந்து நிப்பான். எவ்ளோ முரடோ அவ்ளோ நல்லது."

வீழ்த்திய காவலனை அப்படியே விட்டுப் போகவும் மாட்டார். வெயில் படாத இடத்துக்குத் தூக்கிப் போய்ப் படுக்கவைப்பார். "மன்னிச்சிக்க நைனா" என்று திரையைத் தொட்டுக்கொள்வார். ஒருமுறை திரையில் மழை பெய்யத் தொடங்கியதால், அதுவரை பிடித்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து கூரையடியில் சேர்த்தார். அதற்குள் எதிரிப்படை முழுவதும் விழித்துக்கொண்டது. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த மாணவர்கள் தலையில் கைவைத்து அமர்ந்தார்கள்.

இந்த முறையைத் தெருவிலும் கையாண்டார். வெறிநோய்த் தடுப்பூசி போட வந்தவர்களைத் துரத்தித் துரத்திக் கடித்த கறுப்பு நாய் ஒன்று எங்களிடம் இருந்தது. வின்ச்சு மூன்று நாள் அதன் பின்னால் நடந்து அதன் வழித்தடத்தைக் குறித்துக்கொண்டார். நான்காம் நாள் ஒரு கருவாட்டுத் துண்டும் ஒரு சாக்கும் போதுமானதாக இருந்தன. இன்று அந்த நாய் வின்ச்சு வந்தால் வாலாட்டுகிறது. மற்றவர்களை முன்போலவே நடத்துகிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் காலை நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, எவரோ பின்னாலிருந்து என் சட்டையைக் கிழியும்படி இழுத்தார்கள். மூக்கின் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி பாய்ந்து போயிற்று. இழுத்தவர் வின்ச்சு. ஒலி எழுப்பாமல் வண்டி ஓட்டும் நாகரிகமற்றவர்களைப் பற்றியும், கிழிந்த சட்டையைப் பற்றியும் அவரிடம் கடுமையாகப் பேசினேன். அந்த ஓட்டுநர் எண்ணூர் வரை கேட்கும்படி ஹாரன் அடித்தார் என்று தேநீர்க் கடைக்காரர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

காதைச் சோதித்துக்கொள்ளும்படி மனைவி ஓராண்டாகச் சொல்லிவந்தாள். இக்காலத்து மக்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பதே என் நிலைப்பாடு. சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் அதை ஆமோதித்துவந்தார்கள். காதில் கருவியுடன் ஒரு தலைவர் கூட்டம் நடத்துவது தகுமா என்பதும் என் மனத்தில் இருந்தது.

அதற்கடுத்த வாரம் பொருளாளர் நாங்கள் மூவரும் சேர்ந்து போகும் மாலை நடைக்கு வரவில்லை, மூட்டுவலி என்றார். பிறகு செயலாளரும் நின்றுவிட்டார். கடற்கரைச் சாலையில் நான் தனியாக நடந்தேன். அப்போது வின்ச்சு ஒரு மனுவுடன் வந்தார். இராயபுரத்தில் ஒரு காது மருத்துவமனையின் ஜெனரேட்டர் அக்கம்பக்கத்தாரை வதைக்கிறதாம்.

"அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்றேன்.

"அந்தத் தெருவுல உன்னாட்டம் ஒரு தலைவர் இல்லியே சார். நீ ஒரு தபா வந்து பாத்து எழுதினாத்தான் மதிப்பானுங்க."

பொது நலன் என்று வந்தபின் எல்லை பார்ப்பது சரியன்று. மறுநாள் வெள்ளைச் சட்டை, கோப்பு, பேனா சகிதம் புறப்பட்டேன். நான் சொல்லாமலே மனைவி அந்தச் சட்டையைத் தேய்த்துவைத்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

மருத்துவமனையில் இருந்த இளம்பெண் எழுந்து நின்று வரவேற்றாள். ஒலியை ஆய்வு செய்ய வருபவரின் செவித்திறனை முதலில் பதிவு செய்வது நடைமுறை என்று ஒரு படிவத்தை நீட்டினாள். நடைமுறை என்ற சொல்லுக்கு நான் பணிக்காலம் முழுவதும் தலைவணங்கியவன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். ஒரு சிறு அறைக்குள் அமர்த்தி, காதுகளில் ஹெட்போனைப் பொருத்தி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நெடுநேரம் ஓசையே வரவில்லை. இயந்திரம் பழுது என்று சொல்ல மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, அறைக் கண்ணாடிக்கு அப்பால் மூவர் தெரிந்தார்கள். மூட்டுவலிக்காரரான பொருளாளர், செயலாளர், கைக்குட்டையைக் கண்ணில் வைத்திருந்த என் மனைவி.

என் இடது காது ஓய்வு பெற்று நாளாகிவிட்டதென்றும், வலது காது ஓய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறதென்றும் மருத்துவர் தெரிவித்தார். வெளியே வந்தேன். சுவரோரம் குந்தியிருந்தார் வின்ச்சு.

"இது பொறிதானே?" என்றேன்.

"பொறிதான். ஜெனரேட்டர்லாம் ஒண்ணும் கெடையாது. தெருவே காதைப் பொத்திகினு கீது, நீ மட்டும் சத்தமே இல்லன்னு எழுதிக் குடுத்த. அன்னிக்கே தெரிஞ்சிகினேன். அப்புறம் அந்த லாரி. தோ பாரு சார், ஒரு தபா சட்டையப் புடிச்சி இஸ்துட்டேன். நான் கடலுக்குப் போய்ட்டா எவன் இஸ்ப்பான்?"

அவர் தலையைச் சாய்த்து, நரைத்த முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி.

"இஞ்சினு தின்னுட்ச்சி. போட்டுல எல்லாருக்கும் இதான். வெட்கப்பட்டு மூணு வர்சம் மறைச்சேன். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல சார்."

கருவி பொருத்திக்கொண்டு வீடு திரும்பிய மாலையில் முதன்முதலாகக் கீழ்த்தளத்துக் கடையின் இரைச்சலைக் கேட்டேன். பூகம்பம் என்றே எண்ணினேன். தள்ளுபடி செய்த மனுவை மறுபரிசீலனைக்கு எடுத்து, ஒலியைக் குறைக்கும்படி கடைக்கு எழுத்து மூலம் ஆணையிட்டேன். வின்ச்சுதான் அதை வாங்கிப் படித்து, தன் கைதி தன் கோஷ்டிக்கே நோட்டீஸ் விடுகிறான் என்று மாணவர்களிடம் பெருமையோடு சொன்னாராம். ஆணையை அவர் மதித்தார். காதில் கருவியுடன் நான் நடத்திய அடுத்த கூட்டத்தில், எவரும் வாய்க்குள் பேசவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. வின்ச்சு பத்து நாளைக்கு ஒருமுறைதான் கரைக்கு வருகிறார். நாளிதழைப் பிரித்ததும் தலையங்கத்தை முதலில் படிப்பது என் நெடுநாள் பழக்கம். இப்போது கடலில் காற்று எப்படி வீசுகிறது என்று பார்த்த பிறகே அந்தப் பக்கத்துக்கு வருகிறேன்.