மெத்தைக்காரர் தும்மிய குற்றம்

மனிதன் தும்முவது இயற்கை. வெகுகாலமாக எந்த அரசாங்கமும் அதை ஆட்சேபித்ததில்லை. இணையப் படைப்புரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான், இந்த விஷயத்தில் பொதுமக்கள் எவ்வளவு பொறுப்பில்லாமல் நடந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரியவந்தது.

கடைத்தெருவில் பஞ்சு மெத்தை தைத்து விற்கும் மெத்தைக்காரருக்கு அந்தச் சட்டத்தோடு ஒரு பகையும் கிடையாது. அப்படி ஒன்று வந்ததே அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சு, நூல், ஊசி, அப்புறம் தும்மல். நாள் முழுக்கப் பஞ்சில் புரள்கிறவர் தும்மாமல் என்ன செய்வார்? அதுவும் ஏனோதானோ என்று தும்முகிறவர் இல்லை. முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஆ... ஆ..." என்று படிப்படியாக ஏறுவார். பிறகு ஒரு மௌனம். சரி, வந்த வழியே போய்விட்டது போலிருக்கிறது என்று எதிரில் இருப்பவர் மூச்சு விடும் நேரம் பார்த்து, "ஹச்ச்சூ!" என்று கூரை அதிரும். அடுக்கி வைத்த தலையணைகளில் மேலே இருப்பது பொத்தென்று கீழே விழும்.

இந்தத் தும்மலை உலகத்துக்கு வழங்கியவள் அவருடைய மகள். வியாபாரம் படுத்துக் கிடந்ததால், கடையை மூடிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். "அதுக்கு முன்னாடி இதையும் செஞ்சு பார்த்துடலாம்பா" என்று கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அப்பாவை மெத்தைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தாள். அவர் தலையை வாரிக்கொண்டு, மெத்தையைத் தட்டிக் காட்டி, "எங்க மெத்தையில தூசி தும்புங்கிற பேச்சுக்கே இடமில்லை" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. தலையணையும் விழுந்தது.

மகள் அதை வெட்டாமல் அப்படியே போட்டாள். ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் மெத்தை வாங்க வந்தார்கள். மீதிப் பேர் தும்மலை நேரில் கேட்க வந்து, வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஆளுக்கொரு தலையணை வாங்கிப்போனார்கள். படுத்துக் கிடந்த கடை எழுந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் தும்மலைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதற்குள் வெள்ளை எழுத்து. "இவ்வுள்ளடக்கத்தில் இடம்பெற்றுள்ள தும்மல் பிறருக்கு உரியது. ஆகவே நீக்கப்பட்டது. தங்கள் பக்கமும் முடக்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

மனைவி அதை வாசித்துவிட்டுக் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிறருக்கு உரியதாமே? கல்யாணம் ஆன நாள்லேருந்து காதைப் பொத்திட்டிருக்கேன். இவ்வளவு நாளா யாரோட தும்மலைங்க நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க?"

மகள் விசாரித்துச் சொன்னாள். அண்மையில் வந்த ஒரு சினிமாவில் சிரிப்பு நடிகர் ஒருவர் தும்மியிருக்கிறார். படக் கம்பெனி அந்தத் தும்மலைத் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. அரசாங்கத்து மெஷின் ஒன்று இணையம் முழுக்க ஒட்டுக்கேட்டு, அதே ஏற்றம், அதே மௌனம், அதே இறக்கத்தோடு யார் தும்மினாலும் மூடிவிடுகிறது.

"அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் தும்ம ஆரம்பிச்சாச்சே!"

"அதை மெஷின்கிட்ட யாருப்பா சொல்றது?"

மெத்தைக்காரர் தானே சொல்வது என்று புறப்பட்டார்.

'இணையப் படைப்புரிமைப் பாதுகாப்பு மற்றும் உள்ளடக்க ஒழுங்காற்று ஆணையம்' என்ற பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால், 'ஆணையம்' மட்டும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியிருந்தது. உள்ளே துணை ஆணையர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் அந்த அறையே தெரிந்தது. ஆணையத்தில் ஒளிவுமறைவே கிடையாது என்பதைக் காட்ட, எல்லா விசாரணையையும் ஆணையத்தின் சொந்தப் பக்கத்தில் நேரலையாகக் காட்டுவது வழக்கமாம்.

"தும்மல் உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஆரம்பித்தார் துணை ஆணையர்.

"மூக்கு இருக்கே சார்."

"மூக்கு உங்களோடதுதான். அதுல ஆணையத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா மூக்குங்கிறது கருவி. தும்மல்ங்கிறது படைப்பு. ஆர்மோனியம் வாங்கினவரெல்லாம் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆயிட முடியுமா?"

மெத்தைக்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாகவும் இருந்தது.

"இது எங்க அப்பா வழியில வந்த தும்மல் சார். அவரும் இதே மாதிரிதான்."

துணை ஆணையரின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! அப்போ படைப்பாளர் உங்க அப்பா. நீங்க வாரிசு. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவரும் தும்முவாரா?"

"எல்லாருந்தான் தும்முவாங்க."

"இதே மாதிரியா?"

மெத்தைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "இதே மாதிரிதான்."

"அப்போ இது பங்கு பிரிக்காத பரம்பரைச் சொத்து. தம்பிகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. வேலை முடிஞ்சுது."

மெத்தைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவின் பஞ்சுத் தொழிலை உதறிவிட்டு, அதே தெருவில் ஃபோம் மெத்தைக் கடை போட்டவன் அந்தத் தம்பி. அன்றைக்கு நின்ற பேச்சு. எதிரே வந்தால் இருவரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை தும்மிக் காட்டிடுங்க. ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார் துணை ஆணையர்.

"இங்க வரமாட்டேங்குதே சார். ரொம்பச் சுத்தமா இருக்கு."

துணை ஆணையர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் கடமை இருக்கிறதே. உதவியாளரைக் கூப்பிட்டு, நிலுவையில் உள்ள பொதுமக்கள் மனுக்களில் ஒரு கட்டைக் கொண்டுவரச் சொன்னார். உதவியாளர் அதை மெத்தைக்காரரின் மூக்குக்கு நேராக வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பஞ்சுக் கடையிலேயே பார்த்திராத தூசி எழும்பியது.

"ஆ... ஆ..."

மௌனம்.

"ஹச்ச்சூ!"

மேஜை மேலிருந்த தண்ணீர் தளும்பியது. "அபாரம்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பிய துணை ஆணையர் திகைத்தார். திரையில் அறையைக் காணோம். சாம்பல் நிறக் கட்டம்தான் இருந்தது. இவ்வுள்ளடக்கத்தில் இடம்பெற்றுள்ள தும்மல் பிறருக்கு உரியது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

"யாருய்யா நம்ம பக்கத்தை மூடினது?"

"நாமதான் சார்" என்றார் உதவியாளர்.

"இதுக்கு யார்கிட்ட மனு போடணும்?"

"நம்மகிட்டதான் சார்."

"போட்டா எப்போ பதில் வரும்?"

உதவியாளர் கையிலிருந்த தூசிக் கட்டைப் பார்த்தார்.

விஷயம் சும்மா இருக்குமா? நேரலை பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆணையத்தின் மாண்பைக் காக்க வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. உடனே ஓர் அவசர உத்தரவு வந்தது. அதன்படி 'தும்மல்' என்ற சொல்லை இணையத்தில் எழுதினால் அது மறைந்துபோகும். ஜனங்கள் 'மூக்குச் சத்தம்' என்று எழுதினார்கள். 'மூக்கு' மறைந்தது. கண் டாக்டர்களும் பல் டாக்டர்களும் நலமாக இருக்க, மூக்கு டாக்டர்கள் மட்டும் இணையத்தில் தொழிலற்றுப் போனார்கள். இணைய அகராதியில் தும்பைக்கு அடுத்து நேராகத் துயரம் வந்தது. ஜலதோஷம் பிடித்தவர்கள், "டாக்டர், விடாம 'அது' வருது" என்று எழுத, டாக்டர்கள் 'அது' என்னவென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள்.

மெத்தைக்காரரின் கடை மறுபடியும் படுத்துவிட்டது. கடைசியில் மனைவி சொன்னாள்: "வீம்பைத் தலைக்கு வெச்சுத் தூங்க முடியாதுங்க. போய்த் தம்பியைப் பாருங்க."

போனார். ஃபோம் கடைக்குள் கால் வைத்ததும் தம்பி எழுந்து நின்றான். "வாங்கண்ணே. உட்காருங்க."

நாற்காலி இல்லை. ஃபோம் மெத்தையில்தான் உட்கார வேண்டியிருந்தது. சுகமாகத்தான் இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"கையெழுத்துப் போட முடியாதுண்ணே" என்றான் தம்பி.

அண்ணன் எழப் போனார். தம்பி தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"முழுசாக் கேளுங்க. ஒரே ஒரு தடவை தும்மினதுக்கு என் பக்கத்தையும் மூடிட்டாங்க. அப்பாவோட தும்மலுக்கு நான் போய் எவன்கிட்டயோ ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணுமா? எனக்கு ஆட்சேபணை இருக்குண்ணே! பஞ்சா ஃபோமாங்கிறது நமக்குள்ள சண்டை. மூக்கு வேற விஷயம்."

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லலாமென்று பார்த்தார். ஃபோம் கடையில் தூசிக்கு எங்கே போவது? அப்படியே கலங்கவிட்டார்.

ஊர்வலம் போவதென்று முடிவாயிற்று. சேதி வாய் வழியாகவே பரவியது. கூட்டம் வந்தது பாருங்கள்! ஸ்வரம் சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் வந்தார். அந்த ஏழும் ஏற்கெனவே ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். குழந்தை அழுததைப் போட்ட ஓர் அம்மா வந்தாள். அது ஒரு பேய்ப் படத்தின் அலறலாம். மூக்கு டாக்டர் முன்வரிசையில் நின்றார். "எங்கள் மூக்கு! எங்கள் உரிமை!" என்ற முழக்கத்தோடு எல்லோரும் ஆணையத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை நேரலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அண்ணனும் தம்பியும் பழைய பஞ்சு மூட்டை ஒன்றைத் தூக்கி வந்திருந்தார்கள். அண்ணன் மூட்டையைப் பிரித்தார். தம்பி, இத்தனை வருஷம் கழித்துக் கோலைக் கையில் எடுத்து, அப்பா அடிப்பதைப் போலவே பஞ்சை அடித்தான். வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பிக் கூட்டத்தின் மேல் இறங்கியது.

முதலில் மூக்கு டாக்டர் தும்மினார். பிறகு வாத்தியார், சுருதியோடு. பிறகு எல்லோரும். தடுக்க வந்த போலீஸ்காரர்கள் லத்தியைக் கீழே போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மெஷின் பாவம், விழுந்து விழுந்து மூடியது. டி.வி. பக்கங்களை மூடியது. போலீஸ் பக்கத்தை மூடியது. தும்மலைச் செய்தியாகச் சொன்ன அமைச்சகப் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடி, மூட வேறெதுவும் மிச்சமில்லாமல் போகவே, கடைசியில் தன்னையே மூடிக்கொண்டது.

அமைச்சருக்கு அறிக்கை விட இடமில்லை. நேரில் வந்து, மாடியில் நின்று, தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று.

"மக்களின் குரலுக்குச் செவி சாய்க்கிறோம்! இன்று முதல், தும்மல் தும்முகிறவருக்கே சொந்தம்! ஒவ்வொரு குடிமகனும் தன் தும்மலைத் தன் பெயரிலேயே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்! இருமல், கொட்டாவி, விக்கல் உட்பட!"

கூட்டம் வானம் பிளக்கக் கைதட்டியது. மெத்தைக்காரரைத் தோளில் தூக்கினார்கள். "ஏங்க, முன்ன மாதிரி யாருக்கும் சொந்தமில்லாமலே விட்டிருக்கக் கூடாதா?" என்று மனைவி மட்டும் கீழேயிருந்து கேட்டாள். ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அதன்பின் பதிவு செய்வதே நாகரிகமாயிற்று. பெயருக்குக் கீழே 'பதிவு பெற்ற கொட்டாவி' என்று அச்சடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இருமல் உண்டா என்று கேட்டார்கள். பாட்டு வாத்தியார் தொண்டையைச் செருமுவதைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அவருடைய மாணவர்கள் செருமாமலே பாடி மூச்சுத் திணறினார்கள். மெத்தைக்காரரும் தும்மலைப் பதிவு செய்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். மகள் பழைய படத்தைத் திரும்பப் போட்டாள். கடை மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் மத்தியானம் இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் தம்பியின் கடை பட்டது. ஃபோம் மெத்தையில் சாய்ந்துகொண்டு தம்பி தும்மினான். அதே ஏற்றம். அதே மௌனம். அவனுக்குத் தலையணைகூட விழுந்தது.

"நம்ம தம்பிதானே. நல்லாத்தான் தும்மியிருக்காரு" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது என்னோடது" என்றார் மெத்தைக்காரர்.

மறுநாள் காலையில் ஆணையத்துக்குப் போனால், வாசலில் தேர்க் கூட்டம். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மூக்கு டாக்டர் பக்கத்தில் நின்றவரின் இருமலைச் சந்தேகத்தோடு கவனித்துக்கொண்டிருந்தார். துணை ஆணையர் படியில் நின்று, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் வரவேற்றார். மெத்தைக்காரரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் நாங்களே தேடித் தேடி மூடணும். அதுக்கும் எவ்வளவு எதிர்ப்பு! இப்போ பாருங்க, ஜனங்களே கொண்டுவந்து குடுக்கிறாங்க. எல்லாம் உங்க போராட்டத்தோட வெற்றிதான்."

மெத்தைக்காரர் பணிவாகத் தலையசைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்ற ஆள் திரும்பினான். தம்பி.

"நீயும் புகாரா?"

"ஆமாண்ணே."

"யார் மேல?"

தம்பி தலையைச் சொறிந்தான். "உங்க மேலதாண்ணே. நீங்க?"

"உன் மேலதான்."

இருவரும் பழையபடி மேகத்தைப் பார்த்தார்கள். பிறகு தம்பி மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டான்.

"அப்போ நீங்க முன்னாடி போங்கண்ணே. நீங்கதானே மூத்தவர்."

என்ன இருந்தாலும் தம்பிக்கு மட்டு மரியாதை தெரிகிறது என்று மெத்தைக்காரருக்கு மனசு நிறைந்துபோயிற்று. முன்னால் போய் நின்றுகொண்டார்.