ஆடு தொட்ட கஷாயம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருமிக்கொண்டிருந்தது. சாதாரண இருமல் இல்லை. புதரில் பதுங்கி, மானை நெருங்கி, பாயப் போகிற நேரம் பார்த்து 'லொக்' என்று வரும். மான் திரும்பி, "உடம்பைப் பார்த்துக்கோங்க ராஜா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும்.

செய்தி காட்டின் வாட்ஸ்அப் குழுவில் பரவியது. கரடி சுக்குக் காபி என்றது. குரங்கு மிளகு ரசம் என்றது. யானை தூதுவளை என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் கையைப் போட்டது. நேரில் வந்து பார்க்க ஒருவருக்கும் மனசில்லை.

வழி தவறி வந்த வெள்ளாடு ஒன்றுதான் நேரில் மாட்டியது. சிங்கம் அதன் கழுத்தை அமுக்கியது.

"கொன்னுடாதீங்க ராஜா! நான் வைத்தியர். என்னைத் தின்னா இருமல் நெஞ்சோட தங்கிடும்!" என்று ஆடு அலறியது. உயிர் போகிற நேரத்தில் யாருக்கும் ஒரு படிப்பு வந்துவிடுகிறது.

"என்ன மருந்து?"

"ஆடாதொடைக் கஷாயம்."

சிங்கம் முறைத்தது. "ஆடு தொடாத இலைங்கிறதாலதானே அதுக்கு அந்தப் பேரு? காய்ச்சி, முதல்ல நீ குடி."

ஆடு காய்ச்சியது, குடித்தது. கசப்பில் வால்வரை நடுங்கியது. "தேனா இனிக்குது," என்றது, பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு. "பத்தியம் மட்டும் இருக்கணும் ராஜா. இருமல் நிக்கிற வரைக்கும் கறி ஆகாது. வெள்ளரிக்காய் சாப்பிடலாம்."

சிங்கமும் குடித்தது. ஆட்டின் கெட்ட நேரம், கஷாயம் உண்மையிலேயே வேலை செய்தது. கொஞ்ச நாளில் இருமல் நின்றுவிட்டது.

"வைத்தியரே, இருமல் போச்சு. பத்தியமும் முடிஞ்சுது," என்று சிங்கம் உதட்டை நக்கியது.

ஆடு இரண்டடி பின்னால் நகர்ந்தது. "இருமல் போச்சு, சரி. எதிர்ப்பு சக்தி வந்துடுச்சா?"

"அப்படின்னா?"

"கண்ணுக்குத் தெரியாது ராஜா. நோய் வரலைன்னா கஷாயம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வந்துட்டா, பத்தியம் போதலைன்னு அர்த்தம்."

"அது வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"கஷாயத்தை நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். நிறுத்தலாமா?"

சிங்கம் நிறுத்தவில்லை. இப்போது அது விடிந்ததும் வெறும் வயிற்றில் கஷாயம் குடிக்கிறது, வெள்ளரிக்காய் கடிக்கிறது. இளைத்துத் துரும்பாகிவிட்டது. யாராவது விசாரித்தால், "உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!" என்கிறது.

நீதி: வந்த நோயைத் தீர்க்கும் வைத்தியர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வராத நோய்க்கு மருந்து கொடுப்பவர் நூறாண்டு வாழ்வார்.