சொன்ன விலைக்கே சரி

வீட்டுக்காரி எப்சிபா "சரி தம்பி" என்று சொன்னதும் தங்கவேலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மரம் வெட்ட ஒன்பதாயிரம் கேட்டிருந்தான். லைட்ஹவுஸ் குப்பத்தில் மட்டுமல்ல, பொன்னேரி வரைக்கும் எந்த வீட்டுக்காரரும் சொன்ன விலைக்குத் தலையாட்டியதாகச் சரித்திரம் கிடையாது. ஒன்பது என்றால் அவர்கள் மூன்று என்பார்கள். "மூணுக்கு மிஷினுக்குப் பெட்ரோல் கூட வராது" என்று இவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நாலடி நடக்க வேண்டும். அவர்கள் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். அப்புறம் ஒரு டீ, கொஞ்சம் வாக்குவாதம், ஐந்தில் முடியும். முறை அதுதான். இந்த அம்மாள் முறையையே கெடுத்துவிட்டாள்.

பொன்னேரிக்காரனான தங்கவேல் இத்தனை வருடமும் மனைவியின் அண்ணன் வேதாசலத்திடம் கூலிக்கு மரம் ஏறியவன். போன வாரம் சண்டை. "உனுக்கு மரம் ஏறத்தான் தெரியும், வெல சொல்லத் தெரியாது. தனியா போனா ஒரே மாசத்துல என் கால்ல வந்து வுழுவ" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான் வேதாசலம். தங்கவேல் தனியாகப் பிடித்த முதல் வேலை இது. இதிலும் கோட்டை விட்டால் மறுபடி மச்சான் காலடிதான், அந்த நக்கல் சிரிப்புதான்.

மரத்தை மறுபடி சுற்றி வந்தான். கடலைப் பார்த்த வீடு. அதை ஒட்டி நெடுநெடுவென்று ஒற்றைச் சவுக்கு, போன புயலில் கூரைப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. வெட்டவெளியில் என்றால் அடியில் ஓர் அறுப்பு, முடிந்தது கதை. இங்கே கீழே சிமெண்டு ஷீட்டு, பக்கத்தில் கரண்டு கம்பி. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத்தானே விலை சொன்னான்? எதை விட்டுத் தொலைத்தான்?

வேலிப் பக்கம் ஒதுங்கி, மனைவி எல்லம்மாவுக்குப் போன் போட்டான்.

"ஒடனே சரின்னுட்டாளா?" என்றாள் எல்லம்மா.

"ஆமா."

"அப்ப நீ கம்மியா சொல்லிக்கீற. எங்கண்ணன் வாய் பலிச்சிடுச்சி பாத்தியா."

"ஏன்டி, நீயுமா?"

"ஏதாச்சும் சொல்லி ஏத்துய்யா. எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா?"

தங்கவேல் திரும்பி வந்து தொண்டையைச் செருமினான்.

"அக்கா, கம்பிய நான் சரியா கவனிக்கல. கரண்டு ஆபீஸ்ல சொல்லி லைன நிறுத்தணும். பன்னெண்டாயிரம் ஆவும்."

"சரி தம்பி."

"அடிக்கட்டையும் தோண்டணுமா?"

"தோண்டிடு."

"அதுக்குத் தனியா மூணாயிரம்."

"சரி. இன்னிக்கே முடிச்சிடுவியா?"

தங்கவேலுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "அக்கா, கொஞ்சம் கொறைச்சுத்தான் கேளுங்களேன்!"

"எதுக்குப்பா? உன் ஒழைப்பு" என்றாள் எப்சிபா. அவள் ராத்திரி தூங்கியதாகவே தெரியவில்லை. தலை கூட வாரவில்லை.

இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. பங்காளித் தகராறா? மரத்தில் யாராவது தொங்கினார்களா? கேட்டுவிடுவதே நல்லது என்று கரைக்கு நடந்தான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு.

படகு நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த கருப்பன், விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே விட்டார்.

"எப்சிபா ஊட்டுச் சவுக்கா? யார்றா நீ? அது எங்க அடையாளம்டா!"

"இன்னாண்ணா அடையாளம்?"

"கடல்லேர்ந்து பாத்தா அந்த மரம் லைட்ஹவுஸ மறைக்கணும். அந்தாண்ட தண்ணி டேங்கு கோயில் கோபுரத்த மறைக்கணும். ரெண்டும் சேர்ற எடத்துலதான் பாருன்னு நாங்க சொல்ற பாறை கீது. கடலுக்கடியில கல்லு. மீனெல்லாம் அங்கதான் அண்டும்."

"இப்பதான் போன்லயே எடம் காட்டுதேண்ணா?"

"போனு காட்ற எடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல ஒரு குப்பமே குடி வெக்கலாம். மரத்துல கை வெச்சிப் பாரு, நீ முழுசா பொன்னேரி போய்ச் சேர மாட்ட."

சுற்றி இருந்தவர்களும் எழுந்தார்கள். தங்கவேல் கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். வழியிலேயே ஒரு யோசனை உதித்தது. கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் கூரைக்கும் ஆபத்தில்லை, அடையாளமும் நிற்கும், முதல் வேலையும் கைவிட்டுப் போகாது.

"அக்கா, முழுசா வெட்ட வேணாம். கூரை மேல சாஞ்சத மட்டும் கழிச்சிடறேன். ஏழாயிரம் குடுங்க போதும்."

எப்சிபா முதன்முறையாகப் பேரம் பேசினாள். "முடியாது. அடியோட போவணும். இருபது தரேன்."

வீட்டுக்காரி விலையை ஏற்றவும், வெட்டுகிறவன் குறைக்கவும் பார்ப்பதைத் தங்கவேல் கனவில்கூடக் கண்டதில்லை. இனி தப்பிக்க ஒரே வழி, கேட்டாலே விரட்டுகிற மாதிரி ஒரு விலை சொல்வதுதான்.

"முப்பதாயிரம் ஆவும்க்கா!"

"சரி" என்ற எப்சிபா காதிலிருந்த கம்மலைக் கழற்றத் தொடங்கினாள். திருகாணி கழல மறுத்தது. ஒருவழியாகக் கழற்றி இரண்டையும் அவன் உள்ளங்கையில் திணித்தாள். "இத அடகு வெச்சி எடுத்துக்க. இருட்டறதுக்குள்ள சாச்சிடு, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

தங்கவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விலை சொல்லத் தெரியாதவன் என்று மச்சான் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அதற்குள் கருப்பன் ஏழெட்டுப் பேருடன் வந்து சேர்ந்துவிட்டார்.

"இன்னாமா இது, ஊர் சோத்துல மண்ணப் போடப் பாக்குற?"

"ஊட்டு மேல வுழுந்துடும்ணா."

"வுழுற கிளைய வெட்டிக்க. கட்ட நிக்கட்டும்."

"கட்ட நின்னாலும் தெரியும்ணா."

"தெரியட்டும்! தெரியணும்னுதான நாங்க சொல்றோம்?"

எப்சிபா தலை நிமிரவில்லை. "கடல்லேர்ந்து தெரியக் கூடாதுண்ணா. என்னால முடியலண்ணா" என்றாள். சொல்லி முடிக்குமுன் உடைந்து அழுதுவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கத்திக்கொண்டிருந்த கருப்பன் கதவைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். உடன் வந்தவர்களில் ஒருவர் ஏதோ பேச வாயெடுக்க, கையமர்த்தினார். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரைப் பக்கம் திரும்பினார்கள்.

"ஏறு. வெட்டு" என்றார் கருப்பன் தங்கவேலிடம்.

"இன்னாண்ணா நீ! இப்பதான் கை வெச்சா ஊரு போய்ச் சேர மாட்டேன்ன?"

"அது அப்போ. அந்தக் கம்மல அவகிட்டயே குடுத்துடு. கூலிய நாங்க படகுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணித் தரோம். இன்னா வெலையோ அத சொல்லு."

"வெலை கெடக்கட்டும்ணா. மொதல்ல ஒண்ணு சொல்லு, அந்த அக்காவுக்கு இந்த மரத்து மேல அப்படி இன்னா கோவம்?"

கருப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவ புருசன் அந்தப் பாரு கிட்டதான் முழுகிப் பூட்டான், பாடி கூட கெடைக்கல, அவ மவன் தெனம் இந்த மரத்தப் பாத்து அதே எடத்துல படக நிறுத்தி, அப்பனத் தேட்றேன்னு குதிக்கிறான்டா, நேத்து நாங்கதான் மூச்சு பேச்சு இல்லாம தூக்கிக்கினு வந்தோம்."